மாப்பிள்ளையின் சிரிப்பு

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர் மேடம். வீடானாலும் வேலையிடமானாலும் எதிரே இருப்பவர் சிரித்த முகமாக இருந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் மனைவி மகளை அழைத்துக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். போன் செய்தால், "மாப்ள, கொழந்த கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்" என்று மச்சான் வைத்துவிடுகிறார். நீங்கள் கேட்பதையெல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். மகளை மட்டும் என்னிடம் அனுப்பி வையுங்கள். வேறொன்றும் நான் கேட்கவில்லை.

விலங்குப் பூங்காவில் நான் புகைப்படக்காரன். நீலத் திரை, உயரமான ஒரு முக்காலி, அதன்மேல் கறுப்புக் கோட்டுப் போட்ட சிம்பன்சி. கோட்டைப் பார்த்து எல்லோரும் அதை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். மச்சான் வாயால் நானும் மாப்பிள்ளைதான். எங்கள் இருவரில் முறுக்கு அதற்குத்தான் அதிகம். வந்த புதிதில் ஆள் பக்கத்தில் வந்தாலே திரும்பி உட்கார்ந்துகொள்ளும். முதுகைக் காட்டும் மாப்பிள்ளையோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்?

சட்டைக் கையின் மடிப்பில் ஒரு கோணி ஊசி வைத்துக்கொண்டேன். தோளில் கை போடுவதுபோல நின்று, கோட்டோடு சேர்த்து முதுகில் ஒரு குத்து. உடனே உதடு பிரிந்து பல்லெல்லாம் தெரியும். பயந்த சிம்பன்சி அப்படித்தான் பல்லைக் காட்டும். வந்தவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் ஈவிரக்கமில்லாதவன் இல்லை. கண்ட இடத்தில் குத்தினால் உடம்பெல்லாம் புண்ணாகும் என்று எப்போதும் ஒரே இடத்தில்தான் குத்தினேன். கழற்றும்போது புண் பிய்ந்து வலிக்குமே என்று கோட்டைக் கழற்றுவதையும் நிறுத்தினேன். நாற்றத்துக்குப் பவுடர் போட்டேன். ஈ மொய்த்ததும் மின்விசிறி வாங்கி வைத்தேன்.

உள்ளதைச் சொன்னால், எனக்குக் குமட்டியது வந்தவர்களைப் பார்த்துத்தான். ஐஸ்கிரீம் வழிகிற வாயோடு அதற்கு முத்தம் கொடுப்பார்கள். ஒரு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏங்க, என்னமோ அழுகின வாடை வருதுல்ல?" என்றார்.

"மிருகம்னா அப்படித்தான் இருக்கும். நீ கேமராவப் பாத்துச் சிரி" என்றார் கணவர். அந்த அம்மா கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். படம் நன்றாக வந்தது.

ஆறு மாதத்தில் ஊசியே தேவைப்படவில்லை. என் கை சட்டை மடிப்புக்குப் போனாலே மாப்பிள்ளை பல்லைக் காட்டிவிடும். இவ்வளவு சீக்கிரம் பழக்கியதில் எனக்குப் பெருமைதான்.

விடுமுறையில் ஒருநாள் மகளைக் கூட்டிப் போனேன். எட்டு வயது. சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், "அப்பா, அது சிரிக்கலப்பா. உங்க கையப் பாத்துப் பயப்படுது" என்றாள். வரிசையில் நின்ற இரண்டு குடும்பங்கள் நகர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் மனைவி கடைக்குப் போயிருந்தபோது மகளை உட்காரவைத்து, புரியும்படி, ஒரே ஒரு தடவை சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

சோதனைக்கு நீங்கள் கூட்டி வந்த கால்நடை மருத்துவர் கோட்டைக் கத்தரித்து எடுத்தபோது முதுகில் புழு நெளிந்தது. அவர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். நான் அங்கேயே நின்றேன். மறுநாள் மாப்பிள்ளை செத்துப்போனது. கடைசிவரை என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டுதான் கிடந்தது. குத்தியவன் நான், மூடி மறைத்தவனும் நான். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன்.

ஆனால் மகளைப் பற்றி என் மனைவி சொல்வதை நம்பாதீர்கள். அவளுக்கு அப்பா என்றால் உயிர். சந்தேகமிருந்தால் இங்கே வரவழைத்து என் முன்னால் நிறுத்துங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, கைகழுவச் சட்டைக் கையை மடிப்பேன். அவ்வளவுதான், செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நின்று, பல்லெல்லாம் தெரிய என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.