இங்கிலீஷ் இல்லாம

இல்லக்கா, ஊசி போடுற டாக்டர் இல்ல. ஊர்லயும் இதைச் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன், இன்னமும் டாக்டரம்மான்னுதான் கூப்பிடுறாங்க. நான் பண்றது ஆராய்ச்சி. கணையத்துல வர்ற கேன்சர் எப்படி மத்த எடத்துக்குப் பரவுதுங்கிறதுதான் என் படிப்பு. போன மாசம் அஞ்சாறு புரொபசருங்க முன்னாடி ஒன்றரை மணி நேரம் இங்கிலீஷ்ல வெளுத்துக் கட்டுனேன். இன்னைக்குப் பேரையூர்ல இறங்குனதும் ஒரே ஒரு ஆளுக்கு அதைத் தமிழ்ல வெளங்க வைக்கணும். வர மாட்டேங்குது. திருமங்கலத்துல இருந்து முணுமுணுத்துக்கிட்டே வாரேன், நீங்க பாத்துட்டீங்க. கொஞ்சம் கேக்குறீங்களா? வெளங்கலைன்னா வெளங்கலைன்னு சொல்லிரணும்.

கணையம் தெரியுமா? தெரியாதா. அது உங்க தப்பு இல்ல. கெடா வெட்டுனா ஈரல் யாருக்கு, சுவரொட்டி யாருக்குன்னு நமக்குப் பங்கு பிரிக்கத் தெரியும். கணையத்தைக் கேட்டு எவனும் சண்டை போட்டதில்ல. குடலோட குடலாப் போயிரும். வயித்துக்குப் பின்னாடி, முதுகெலும்பு ஓரமா ஒளிஞ்சு கெடக்கும். அங்க என்ன நடந்தாலும் சட்டுனு வெளிய தெரியாது.

ஒடம்புங்கிறது கண்ணுக்குத் தெரியாத செல்லுகளை அடுக்கிக் கட்டுனதுன்னு வைங்க. ஒவ்வொண்ணும் பக்கத்துச் செல்லோட ஒரு பசையால ஒட்டிக்கிட்டிருக்கும். இந்தக் கேன்சர்ல சில செல்லுல பசை செய்யிற உத்தரவு நின்னு போகுது. அது பிடியை விட்டுட்டு, நீளமாகி, நகர ஆரம்பிக்கும். எதிர்ல இருக்குற வேலியை அரிச்சுட்டு ரத்தத்துல ஏறிரும். பஸ்ஸு மாதிரித்தான். கணையத்துல ஏறுனா மொத ஸ்டாப்பு ஈரல்.

ஆமா, சரியாச் சொன்னீங்க. நம்மாளுக முறுக்கு யாவாரத்துக்கு ஆந்திரா போற மாதிரியேதான். போறப்பத் தனியாப் போவான். எடம் பிடிச்சதும் பழையபடி ஒட்டுற பசை வந்துரும், வருசம் திரும்புறதுக்குள்ள ஒரு தெருவே நம்மாளுகளா இருக்கும். இருங்க, இதை எழுதிக்கிறேன். புரொபசருங்க யாருக்கும் இது தோணல.

அஞ்சு வருசமாச்சுக்கா. எப்பவோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரரோட கேன்சர் செல்லை வாங்கி, தட்டுல வச்சு வளக்குறேன். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கத் தீனி மாத்தணும், இல்லாட்டி செத்துரும். அதுக்காக மாசியில குலசாமி கும்பிட ஊரே கூடிச் சாமிப் பெட்டி தூக்கிட்டுப் போறப்பக்கூட நான் ஊருக்குப் போகல. கேன்சர் செத்துரக் கூடாதேன்னு கவலைப்பட்டவ நம்ம பக்கத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

இன்னைக்கு வெளங்க வைக்கணும்னேன்ல, அந்த ஆளு அப்பத்தான் போன் போட்டாரு. கண்ணு மஞ்சளா இருக்கு, ஒடம்பெல்லாம் அரிக்குது, வலி ஒண்ணும் இல்லன்னாரு. வலியில்லாத மஞ்சக்காமாலைன்னா கணையத்தையும் பாக்கணும்னு மொத அத்தியாயத்துல நானே எழுதி வச்சிருக்கேன். அன்னைக்குக் கையில தட்டு இருந்துச்சு. கீழாநெல்லி அரைச்சுக் குடிங்க, உப்புச் சேக்காதீங்கன்னு சொல்லி வச்சிட்டேன். மூணு மாசம் குடிச்சாரு. ஆஸ்பத்திரிக்குப் போன்னு யாரு சொன்னாலும், எங்க டாக்டரம்மா சொல்லிருச்சுன்னுட்டாராம்.

இதா? அவரோட ஸ்கேன் படம்க்கா. வளைஞ்சிரக் கூடாதுன்னு மடியில வச்சிருக்கேன். ஈரல்ல நாலு எடத்துல கடை போட்டுருச்சு. மதுரை டாக்டர் அவர்கிட்ட விவரம் சொல்ல வாயெடுத்திருக்காரு. இவரு கையெடுத்துக் கும்பிட்டு, நீங்க சொல்ல வேணாம் சாமி, இதைச் சொல்றதுக்குத்தான் மகளைப் படிக்க வச்சிருக்கேன், ரிப்போட்டை அவகிட்டக் குடுங்கன்னுட்டு ஊருக்குப் பஸ் ஏறிட்டாரு.

உங்களுக்கு வெளங்குச்சுல்ல? அப்ப அவருக்கும் வெளங்கிரும். கீழாநெல்லியைத்தான் எந்த எடத்துல சொல்றதுன்னு தெரியல.

ஸ்டாப்பு வந்துருச்சு. அந்தா, சலவை வேட்டி கட்டி நிக்கிறாருல்ல, எங்கய்யா. டாக்டரம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு. கொஞ்சம் காலை ஒதுக்குங்கக்கா, இறங்கிக்கிறேன்.