பானட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி

இல்ல தம்பி, ஸ்டார்ட் ஆகுறதெல்லாம் ஒரே திருகுல ஆயிடும். அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. நின்னாத்தான் வம்பு. சிக்னல்ல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன்னா ரெண்டு குலுக்கு குலுக்கும், அப்புறம் ஆஃப். பின்னாடி நிக்கிறவங்கல்லாம் ஹாரன் அடிச்சே என் காதைப் பஞ்சராக்கிட்டாங்க. மறுபடி சாவியைத் திருகினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

பிக்கப்பா? கிளம்பும்போது சுத்தமா இழுக்காது. ஃபர்ஸ்ட்லயும் செகண்ட்லயும் மூச்சு வாங்கும். வர்ற வழியில பாலம் ஏறும்போது ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போனார். போறவர் சும்மா போகக் கூடாது? திரும்பிப் பார்த்துச் சிரிச்சுட்டு வேற போனார். ஆனா எப்படியோ மிதிச்சு வேகம் எடுத்துட்டேன்னு வைங்க, பறக்கும். அதான் ஓட்டிப் பார்க்கிறவங்க எல்லாம் வண்டி நல்லாத்தானே இருக்குங்கறாங்க.

இருங்க இருங்க, பானட்டைத் திறக்காதீங்க. முதல்ல நான் சொல்றதைக் கேட்டுடுங்க. அப்புறம் திறக்கலாம்.

பெட்ரோல்ல தண்ணியெல்லாம் இல்ல, டேங்கையே எறக்கிப் பார்த்தாச்சு. ஏர் ஃபில்டர் புதுசு. பிளக் நாலும் புதுசு. புதுசுன்னா, மூணு வாரத்துல நாலாவது தடவையா புதுசு. கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவி மாட்டினது எத்தனை தடவைன்னு எனக்கே கணக்கு விட்டுப் போச்சு. எங்க வீட்டுப் பாத்திரம்கூட அவ்வளவு சுத்தம் கிடையாது, அது என் தப்பு, விடுங்க. பெட்ரோல் பம்ப், ஒயர், பேட்டரி எல்லாமே பார்த்தாச்சு.

யார் பார்த்தாங்களா? அதோ, வாசல்ல பழைய டயர் மேல உக்காந்திருக்காரே, அவர்தான். எங்க வீட்டுக்காரர். கொஞ்சம் மெதுவா பேசுங்க, அவருக்குப் பாம்புக் காது.

அவரும் உங்க தொழில்தான் தம்பி. முப்பத்தோரு வருஷம், சொந்தமா ஷெட் வெச்சிருந்தார். நீளமா ஒரு ஸ்க்ரூடிரைவர் வெச்சிருப்பார். நுனியை இன்ஜின் மேல ஊனி, பிடியைக் காதுல வெச்சுக் கேப்பார். டாக்டர் கெட்டார் போங்க. ரெண்டாவது வால்வுன்னு சொன்னார்னா ரெண்டாவது வால்வுதான். மத்த ஷெட்டுல கையை விரிச்ச வண்டியெல்லாம் இவர்கிட்டதான் வரும். வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. வேற மெக்கானிக் கை வெச்ச வண்டின்னா, அந்த ஆளைத் திட்டிக்கிட்டேதான் வேலை பார்ப்பார். தப்பா எடுத்துக்காதீங்க, உங்களையும் திட்டியிருப்பார்.

இப்ப ஷெட் இல்ல. மூடி ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு வண்டிக்கு ஆயில் மாத்தினார். பழைய ஆயிலை எறக்கினார், நட்டை முடுக்கினார், ஃபில்டர் மாத்தினார், கண்ணாடியெல்லாம் துடைச்சுக் குடுத்து அனுப்பிட்டார். புது ஆயில் டப்பா மூடிகூடத் திறக்காம பெஞ்சு மேலயே இருந்துச்சு. ஆமா, இப்ப நீங்க ஒரு மூஞ்சி காட்டினீங்க பாருங்க, அதே மூஞ்சிதான் எங்க பையனும் காட்டினான். அந்த வண்டி நட்ட நடு ரோட்டுல இன்ஜின் இறுகி நின்னுபோச்சு. நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல. போதும்பா, இனிமே யார் வண்டியிலயும் கை வைக்காதீங்கன்னு பையன் வந்து ஷட்டரை எறக்கிட்டான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. டாக்டர்கிட்டப் போனோம். என்னமோ பேர் சொன்னார், வாயில நுழையல. மறதி போகப் போகக் கூடுமாம், கொறையாதாம்.

அதுக்கப்புறம் வீட்டுல உக்காந்தார் பாருங்க. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. சாப்பிடக் கூப்பிட்டா வருவார், படுக்கச் சொன்னா படுப்பார். திட்டறதுகூட நின்னு போச்சு. இந்த வாய் எப்படா அடங்கும்னு வேண்டிக்காத நாள் இல்ல நான். அடங்கினப்புறம் அந்த வீட்டுல இருக்கவே பயமா இருந்துச்சு தம்பி.

ஆறு மாசம் அப்படிப் போச்சு. அப்பத்தான் எங்க வண்டி இதே மாதிரி சிக்னலுக்குச் சிக்னல் நிக்க ஆரம்பிச்சுது. ஏங்க, வண்டி நின்னு நின்னு போகுதுங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எழுந்து வந்தார். பானட்டைத் தூக்கினார், ஸ்க்ரூடிரைவரைக் காதுல வெச்சார். பத்தே நிமிஷம். இன்ஜினுக்குப் பின்பக்கம் சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு ரப்பர் ஹோஸ் இருக்குல்ல, அது வெடிச்சிருந்துச்சு. காத்து திருட்டுத்தனமா உள்ள பூந்துடுது, அதனாலதான் மெதுவா ஓடும்போது செத்துப் போகுது, வேகமா ஓடினா உள்ள போற அவ்வளவு காத்துல இந்தக் காத்து தெரியாதுன்னு எனக்குப் பாடமே எடுத்தார். வெடிச்ச நுனியை வெட்டிட்டு மாட்டினார். கையைக் கழுவிட்டு வந்து, சூப்பர்வைசரம்மா, வண்டி ரெடி, தட்டைப் போடுன்னார். சூப்பர்வைசர்ங்கிறது நான்தான். நொய்நொய்னு கேள்வி கேப்பேன்னு கல்யாணமான புதுசுல வெச்ச பேர். அன்னிக்கு அந்தப் பேரைக் கேட்டதும் அடுப்படியில போய் அழுதேன்.

நாலு நாள் நல்லா இருந்தார். அப்புறம் பழையபடி நாற்காலி. எனக்கு மனசு கேக்கல. மத்தியானம் அவர் தூங்கும்போது போய் அந்த ஹோஸைப் புடுங்கி விட்டுட்டு வந்தேன்.

ஆமா, நான்தான். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? இப்பவும் நான்தான் புடுங்கி விட்டிருக்கேன். நீங்க திறந்தா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவீங்க, அவர் காதுல விழற மாதிரி அடச்சே இவ்வளவுதானான்னு சொல்லிடுவீங்க. அதுக்குத்தான் திறக்க விடாம இவ்வளவு நேரம் கதை அளந்துக்கிட்டிருக்கேன்.

ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிச்சார் தம்பி. அதே ஹோஸ், அதே இடம். போன தடவையும் இதேதானேன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. ஞாபகம் இருந்தாத்தானே கேக்கறதுக்கு. எனக்கும் ஒவ்வொரு தடவையும் புதுசா அதே பாடம் எடுப்பார், நானும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கேப்பேன். பத்து நிமிஷம் அரை மணியாச்சு. அரை மணி ஒரு நாளாச்சு. போன தடவை மூணு நாள். அத்தனை நேரம் அவருக்குப் பொழுது போச்சேன்னு சந்தோஷம்தான் பட்டேன், கூறு கெட்டவ.

இந்தத் தடவை மூணு வாரம். காலையில பானட்டைத் தூக்கினார்னா இருட்டற வரைக்கும் வண்டிகிட்டயே நிக்கிறார். சோறு தண்ணி எறங்கல. நானே மாட்டிடலாம்னு எத்தனையோ தடவை போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். நான் மாட்டினா அவர் கண்டுபிடிச்சதா ஆகுமா? டார்ச் பிடிக்கிற சாக்குல அந்த ஹோஸ் மேலயே வெளிச்சத்தை அடிச்சுப் பார்த்தேன். குனிஞ்சார், கையால அதை ஒதுக்கி விட்டுட்டு அதுக்குப் பின்னாடி என்னமோ தேடினார். ஏங்க, இந்தப் பக்கம் ஸ்ஸ்ஸுன்னு சத்தம் வருதேன்னேன். முன்னாடியா இருந்தா, நீ மெக்கானிக்கா நான் மெக்கானிக்கான்னு ஒரு பாட்டம் திட்டியிருப்பார். இப்ப, எந்தப் பக்கம்னு கேட்டார். நான் கைநீட்டிக் காட்டினேன். அங்கேயே பார்த்துக்கிட்டு நின்னார். ஒண்ணும் புரியல அவருக்கு. எனக்கும் அதுக்கு மேல என்ன பண்றதுன்னு தெரியல.

இல்ல, பையன்கிட்ட சொல்லல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? அப்பாவுக்கு இருக்கிற கஷ்டம் போதாதுன்னு நான் வேற ஒண்ணை இழுத்து விட்டேன்னா?

நேத்து சாயங்காலம் அவரே பானட்டை மூடினார். துணியில கையைத் துடைச்சுக்கிட்டே எங்கிட்ட வந்தார். கோவமெல்லாம் இல்ல, ரொம்ப மரியாதையா நின்னார். மன்னிச்சுக்குங்க மேடம், எனக்குப் பிடிபடல, நல்ல மெக்கானிக்கா பார்த்துக் காட்டிக்குங்கன்னார். மேடம்னார் தம்பி, என்னை. சாவியைக் கையில குடுத்துட்டு கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னார், நான் வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்னு. நானும் எடுத்தேன். வேற என்ன பண்றது? தெருவை ஒரு சுத்து சுத்திட்டு அதே வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

இப்பத் திறங்க. மாட்டிடுங்க. நல்ல கிளிப்பா ஒண்ணு போட்டு, என் கை பலத்துக்குக் கழட்டவே முடியாத மாதிரி முடுக்கிடுங்க.