சுகுணா கூட்டிப் போட்ட கணக்கு

தாய்மார்களே, கொஞ்சம் இப்படிப் பாருங்க... பேச்ச ஓரமா வெச்சுட்டு உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்.

விருத்தாசலத்துல ஒரு வீடு. ரெண்டு மருமகளுங்க. மூத்தவ சுகுணா, இளையவ பவானி. ரெண்டு பேருமே இயற்பியல் படிச்சவங்க. ரெண்டு பேருமே டீச்சர் வேலைக்குப் பரீட்சை எழுதப் போறாங்க. ஆனா பேச்சுவார்த்தை கிடையாது! ஏன்? ஒரு வளைகாப்புல, சொந்தக்காரங்க முன்னாடி பவானியக் காட்டி சுகுணா கேட்டுட்டா... "இவ படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?" அவ்ளோதான். இவ சமைச்சா அவ அடுப்படிக்கு வரமாட்டா. அவ புத்தகத்த எடுத்தா இவ டிவி சத்தத்தக் கூட்டுவா.

பரீட்சை நெருங்குது. ஒரு நாள் காலையில சுகுணா, அடுப்படி மேடையிலயே ஒரு கணக்கப் போடறா. ஒரே கோட்டுல மூணு மின்னூட்டம், அதான் சார்ஜ். மூணுமே பாசிட்டிவ். நடுவுல இருக்கறத இடது பக்கத்துது பாயிண்ட் எட்டு நியூட்டன் விசையோட தள்ளுது. வலது பக்கத்துது பாயிண்ட் மூணு. மொத்த விசை எவ்ளோ? சுகுணா கூட்டினா... ஒண்ணு பாயிண்ட் ஒண்ணு. புத்தகத்துல விடை? பாயிண்ட் அஞ்சு! மறுபடி போட்டா... மறுபடியும் அதேதான். பேனாவ வீசிட்டு முந்தானையால மூஞ்ச மூடிக்கிட்டா. "எனக்கு இது வராது... நான் பரீட்சைக்கே போகல."

தண்ணி எடுக்க வந்த பவானி காதுல இது விழுந்துச்சு. கேக்காத மாதிரி போயிருக்கலாமா, இல்லியா? போயிருக்கலாம்! போகலம்மா... நின்னா. அவ போட்ட கணக்க எட்டிப் பாத்தா.

"அக்கா... எந்தப் பக்கம் தள்ளுதுன்னு பாத்தீங்களா?"

ஈர வெரலால மேடையில மூணு புள்ளி வெச்சா. "இது இந்தப் பக்கம் தள்ளுது. அது எதிர்ப்பக்கம் தள்ளுது. கூட்டக்கூடாதுக்கா, கழிக்கணும்."

சுகுணா கண்ணத் தொடச்சுக்கிட்டா. "அப்போ நான் போட்டது சுத்தமா தப்பா?"

"வலது பக்கத்துது நெகட்டிவா இருந்தா தள்ளாதுக்கா, தன் பக்கம் இழுக்கும். ரெண்டு விசையும் ஒரே பக்கம் ஆயிடும். அப்போ உங்க விடைதான் சரி."

சுகுணா வீசின பேனாவக் குனிஞ்சு எடுத்தா. "பவானி, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமா, கூடாதுதான்," ன்னா பவானி, மூக்க உறிஞ்சிக்கிட்டே. "சரி, அடுத்த கணக்கப் போடுங்க. காய நான் நறுக்கறேன்."

அந்த வருஷம் பவானி பாஸ். சுகுணா கோட்ட விட்டா. ஆனா இந்தத் தடவ அவ தனியா ஒக்காந்து அழல. வேலைக்குப் போய்ட்டு வந்த பவானி, அடுப்படிய வாங்கிக்கிட்டு அவளப் படிக்கத் தொரத்தினா. அடுத்த வருஷம் சுகுணாவும் டீச்சர்!

இத ஏன் சொல்றேன்? நம்மகிட்ட பலம் இல்லியா? இருக்கும்மா, எல்லார்கிட்டயும் இருக்கு! ஆனா ஆளுக்கொரு பக்கமா தள்ளிக்கிட்டு... பலமே இல்லன்னு அழறோம். எதிரெதிரா தள்ளினா மிச்சம்தான் கெடைக்கும். ஒரே பக்கம் திரும்பினா? அத்தனையும் கெடைக்கும்! நீங்க யார்கிட்ட பேச்ச நிறுத்தி வெச்சிருக்கீங்க... யோசிங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், அவங்க பேசட்டும்னு பாக்காதீங்க. நீங்க மொதல்ல பேசுங்க.