‘பெற்ற’ என்ற சொல்லை வெட்டியவருக்கு

ஒடாஹுஹு குடும்ப உதவி நிலையத்தில் பதினோராண்டு பணியாற்றி இன்று ஓய்வுபெறும் மதிப்பார்ந்த திருமதி டோறின் ஜெயரட்ணம் அம்மையாரின் திருமுன், உடன் பணியாளர் உவந்தளிக்கும் மடல்

படிவம் கண்டு பதறி வந்தோரின் பயம் தீர்த்த பண்பாளரே! கடிதம் வந்தாலே கலங்கிய குடும்பங்களுக்குக் கண்ணும் காதுமாய் இருந்த கனிவின் உருவே! வணக்கம்.

முன்னால் இருப்பவர் கதையை முடிக்கும்வரை நீங்கள் தேநீர்க் கோப்பையைத் தொடமாட்டீர்கள். பதினோராண்டும் ஆறிய தேநீர்தான் குடித்தீர்கள். எங்கள் எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் சுற்றி, நாள் முழுக்க எங்களைக் கேலி செய்வீர்கள். ஆகவே உங்கள் பிழை ஒன்றை இச்சபையில் சொல்லும் உரிமை எங்களுக்கும் உண்டு.

1996இல் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கான வரிச்சலுகையை மாற்றும் யோசனை வெளிவந்தபோது, யாருக்குச் சலுகை கூடும், யாருக்குக் கிடைக்காது என்று இந்நாட்டில் குடியேறிய எம்மவரிடையே ஒரே குழப்பம். அவர்களுக்காக நீங்கள் அதைத் தமிழில் துண்டுப்பிரசுரமாக எழுதினீர்கள். நல்ல தமிழ். ஆனால் ‘வளர்க்கும் பிள்ளை’ என்று வரவேண்டிய இடத்தில் உங்கள் பேனா ‘பெற்ற பிள்ளை’ என்று எழுதிவிட்டது.

யோசனை நடைமுறைக்கு வந்து படிவங்களும் வந்தன. ஒனிஹங்காவில் துப்புரவு வேலை செய்யும் கண்மணி தன் படிவத்தோடு வந்தார். இறந்துபோன அக்காவின் பிள்ளைகள் வித்தியாவையும் பிரதாபனையும் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்ப்பவர் அவர். அந்த இரண்டு பெயர்களும் படிவத்தில் வெட்டப்பட்டிருந்தன. ஏன் என்று கேட்டீர்கள்.

“உங்கட துண்டில ‘பெற்ற பிள்ளை’ எண்டெல்லோ கிடக்கு. நான் பெத்தது ரண்டுதானே அம்மா. பொய் எழுதக்கூடாதெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்,” என்றார். பிறகு குரல் தாழ்த்தி, “வெட்டினதை வித்தியா கண்டிட்டாள். என்ர பேரை ஏன் வெட்டினீங்கள் எண்டு ஒரே அழுகை,” என்றார்.

நீங்கள் எழுந்து நின்றீர்கள். “பிழை உம்மில இல்லை, கண்மணி. என்னில,” என்றீர்கள். புதுப் படிவம் எடுத்து, அந்த இரண்டு பெயர்களையும் முதலில் எழுதவைத்தீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நீங்களோ, வேறு எந்த வீட்டிலும் ஒரு பிள்ளை விடுபடக்கூடாது என்று நகரின் மேற்கே நியூ லின் தொடங்கித் தெற்கே ஒடாஹுஹு வரை வீடு வீடாகப் போனீர்கள். “நான் பிழையாய் எழுதிப்போட்டன்” என்று ஒவ்வொரு வாசலிலும் கூசாமல் சொல்லி, துண்டுப்பிரசுரத்தில் ‘பெற்ற’ என்பதை உங்கள் கையாலேயே வெட்டி, ‘வளர்க்கும்’ என்று எழுதினீர்கள். இன்னும் ஒன்பது பிள்ளைகளின் பெயர்கள் படிவங்களில் ஏறின. மழையில் நனைந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தீர்கள். அதில் எங்களுக்கு உங்கள்மேல் இன்னும் கோபம். நாங்கள் சிறு பிழையையும் மூடி மறைக்கப் பார்ப்பவர்கள். உங்களைப் பார்த்துத்தான் வெட்கப்படக் கற்றோம்.

‘உங்களைப் பெற்றது நாங்கள் பெற்ற பேறு’ என்று எழுதி மடலை முடிப்பதே முறை. உங்கள் முன்னால் அந்தச் சொல்லை எழுத எங்களுக்குத் துணிவில்லை. ஆகவே, அம்மையீர், நோய் அணுகாமல் நெடுங்காலம் நிறைவாய் வாழுங்கள். இனியாவது தேநீரைச் சூடாகக் குடியுங்கள்!

இவ்வண்ணம்,
அன்பு மாறாத நிலைய ஊழியர்கள்
ஒடாஹுஹு, 27 மார்ச் 1998

தாங்களும் கையெழுத்து வைக்கவேண்டும் என்று வந்து நிற்கும் கண்மணியின் பிள்ளைகள்:
வித்தியா, பிரதாபன், பார்த்தீபன், லக்ஷிகா