ஆறென்றால் ஆறு: ஞானம்மா அக்காவை அனுப்ப மனமில்லாத மடல்

மண்ணூர் தந்த மாண்பே! மழையிலும் மாறாத நேரமே! பேச வந்தவரைப் பிடித்து வைத்துப் பணி வாங்கிய பேராற்றலே! "எனக்கு ஷிப்ட் இருக்குங்க" என்று பொய் சொன்னோரின் சிம்ம சொப்பனமே! ஒரகடம் வியாழக்கிழமை நற்பணி மன்றத்தின் நன்றியுரை நாயகியே! எங்கள் ஞானம்மா அக்காவே!

இப்படி ஐந்து அடைமொழி அடுக்கி அழைத்தால் தங்களுக்குப் பிடிக்காது என்பதை அறிவோம். "பேரைச் சொல்லிக் கூப்ட்டா நான் திரும்ப மாட்டனா இன்னா?" என்பீர்கள். ஆனால் இது கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படும் மடல். சுவருக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது, அக்கா. கொஞ்சம் பொறுத்தருள்க.

மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருபத்தேழு ஆண்டுகள் அமர்ந்து, ஆயிரம் பேரின் வருகையையும் வராமையையும் வழுவாது பதிந்து, சென்ற மாதம் முப்பத்தோராம் நாள் தாங்கள் பணி நிறைவு பெற்றீர்கள். அது முறை; ஐம்பத்தெட்டு வயதுக்கு யாரும் தப்ப முடியாது. ஆனால் அதே வாரம் நம் மன்றத்திலிருந்தும் விலகுவதாக ஒரு கடிதம் தந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. அழைப்பிதழில் இவ்விழாவுக்கு 'வழியனுப்பு விழா' என்று அச்சிட்டிருக்கிறோம். அச்சானதெல்லாம் உண்மையாகிவிடுமா என்பதை இம்மடலின் முடிவில் பார்ப்போம்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன், காலை நேர ஏ ஷிப்ட் முடித்து வந்த ஒன்பது பேர் பெட்ரோல் பங்கை அடுத்த கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடி இம்மன்றத்தைத் தொடங்கினார்கள். வியாழன்தோறும் மாலை நாலேகாலுக்கு ஒரு கூட்டம், ஒரு சிறப்புரை, ஒரு தேநீர் என்பது அவர்கள் திட்டம். தாங்களும் வந்து மூன்று வாரம் கேட்டீர்கள். நான்காம் வாரம் எழுந்து, "டீ நல்லாத்தான் கீது. பேச்சும் நல்லாத்தான் கீது. ரெண்டையும் குடிச்சிட்டு வூட்டுக்குப் போயிட்டா ஊருக்கு இன்னா ஆச்சி?" என்றீர்கள். அன்று பிறந்தது நம் மன்றத்தின் மூத்த விதி: இங்கே வியாழனன்று பேசுகிறவர், அடுத்து வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நம்மோடு வேலைக்கு வர வேண்டும். பொன்னாடை கிடையாது, கடப்பாரை உண்டு.

அவ்விதியால் எத்தனை பேச்சாளர்கள் நம்மை அணுகாமல் ஓடினார்கள் என்ற கணக்கு நம்மிடம் இல்லை. அகப்பட்டவர்களை மட்டும் அறிவோம். அவர்களில் ஒருவன் இம்மடலை எழுதும் பாவியாகிய கோபிநாத். பதினோரு ஆண்டுகளுக்கு முன் 'நேர மேலாண்மை' என்ற தலைப்பில் உரையாற்ற அழைக்கப்பட்டு, ஒரகடம் சந்திப்பு நெரிசலில் சிக்கி, நாற்பது நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தவன். அன்று தாங்கள் சொன்ன நன்றியுரையை நான் மறக்கவே மாட்டேன். "நேரத்தோட அருமை இன்னான்னு, நாப்பது நிமிசம் காத்துகினு இருந்தப்பவே நமக்குப் புரிஞ்சிடுச்சி. மீதியை சார் வந்து சொன்னாரு. சாருக்கு நன்றி. ஞாயித்துக்கிழமை பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை, ஆறு மணி. ஆறுன்னா ஆறு சார்."

நான் ஆறு ஐம்பதுக்குப் போனேன். சீமைக் கருவேலம் வெட்ட ஆளுக்கொரு பங்கு நிலம் கயிறு கட்டிப் பிரித்திருந்தீர்கள். என் பங்கு தொடப்படாமல் அப்படியே காத்திருந்தது. எட்டு மணிக்கு எல்லோரும் இட்லி சாப்பிட்டார்கள். எனக்கு எட்டு ஐம்பது. முள் குத்திய கையோடு நான் சாப்பிடும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். இட்லி ஆறிவிடாமல் இன்னொரு பாத்திரத்தால் மூடி வைத்திருந்தீர்கள். அந்த மூடிக்காகத்தான் அக்கா, நான் இம்மன்றத்தில் உறுப்பினன் ஆனேன். வெளியே சமூக அக்கறை என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

தூக்கத்தின் தேவை பற்றிப் பேச வந்த மருத்துவர் சங்கரநாராயணனை நினைத்தால் இன்றும் எங்களுக்குச் சிரிப்பு அடங்காது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கம்பெனி பஸ் பிடித்து, எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்த கூட்டத்துக்கு முன், மின்விசிறிக்குக் கீழே, மெல்லிய குரலில், தூக்கத்தைப் பற்றி! பத்தாவது நிமிடத்தில் தலைவர் முதல் ஒலிபெருக்கிக்காரர் வரை எல்லோரும் உறங்கிப் போனார்கள். விழித்திருந்தவர் தாங்கள் ஒருவரே. "ஐயா சொன்னதை எங்க ஆளுங்க கேட்டுட்டு வுட்றவங்க இல்ல, இங்கியே செஞ்சி காட்டிட்டாங்க" என்று நன்றி கூறினீர்கள். மனிதர் சிரித்துவிட்டார். அந்த ஞாயிறு சாலையோரம் கன்டெய்னர் லாரிகளில் காத்துக்கிடக்கும் ஓட்டுநர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். இன்றும் மாதம் ஒரு ஞாயிறு வருகிறார். தூங்காத ஓட்டுநர்களைத் திட்டுவதற்கென்றே வருகிறார்.

ஆனால் எங்களை எல்லாம் நிமிர்த்தி உட்கார வைத்தவர் பாஞ்சாலி அம்மா. ஒப்பந்தத் துப்புரவுப் பணியில் இருப்பவர். இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். பேச்சாளர் என்றால் கோட்டு போட்டிருக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்த எங்களிடம், "அடுத்த வியாழன் பாஞ்சாலி பேசும்" என்று தாங்கள் அறிவித்தபோது, நாகரிகமாக இருமியவர்களில் நானும் ஒருவன். அவர் ஒலிபெருக்கியைத் தொடவே இல்லை. "பஸ் வர்ற வரிக்கும் நாங்க பொம்பளைங்க ரோட்டுல நிக்கிறோம். நெழலு இல்ல. ஒண்ணுக்குப் போவ ஒரு மறைவு இல்ல. அதுக்கோசரம் காத்தாலேர்ந்து தண்ணி குடிக்கிறது இல்ல. அவ்ளோதான் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று முதல்முறையாகத் தாங்கள் நன்றியுரை சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை" என்று மட்டும் சொன்னீர்கள்.

பதினோரு ஞாயிறுகள். ஊராட்சியில் அனுமதி வாங்கி, ஹாலோ பிளாக் சுமந்து, மண்ணூர்க் கூட்டுச்சாலையில் ஒரு நிழற்குடையும் அதன் பின்னால் இரண்டு கழிப்பறைகளும் எழுந்தன. அதில் ஒரு சுவர் நான் கட்டியது; கொத்தனார் மறுநாள் அதை இடித்துவிட்டு நேராகக் கட்டினார். பெயர்ப்பலகை வைக்கலாமா என்றோம். "பேரு வேணாம். தண்ணி டேங்க் வைங்க" என்றீர்கள். இன்று அங்கே பெண்கள் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடிப்பதைப் பார்த்தாலே போதும் அக்கா, வேறு பெயர்ப்பலகை எதற்கு?

இனி, இவ்விழாவுக்குக் காரணமான குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறேன். பிற்பாடு நம் மன்றத்தைப் பதிவு செய்தபோது சட்டதிட்டம் எழுதும் பொறுப்பை ஏற்றவன் நான். எங்கிருந்தோ பார்த்து, படிக்கக் கம்பீரமாக இருக்கிறதே என்று, 'தொழிற்பேட்டையில் பணியில் இருப்போர் மட்டுமே உறுப்பினராக நீடிக்கலாம்' என்று மூன்றாம் விதி எழுதினேன். நமக்கெல்லாம் ஒருநாள் வயதாகும் என்று தோன்றவில்லை. நேர மேலாண்மை கற்பித்தவன் லட்சணம் இது. அந்த விதியைத்தான் தங்கள் கடிதத்தில் மேற்கோள் காட்டியிருந்தீர்கள். கெஞ்சினோம். "ரூல்னா ரூல் சார். கார்டு இல்லாதவங்களை உள்ள வுடாம இருபத்தேழு வருசம் குந்திகினு இருந்தவ நானு. எனக்கு மட்டும் கதவைத் தொறப்பனா?" என்றீர்கள்.

சரி, விதியைத் திருத்திவிடுவோம் என்று செயலாளர் டில்லிபாபு இன்றைய தேதியில் பொதுக்குழு கூடும் என்று அறிவிப்பு அனுப்பினார். அதை வாங்கி விரல்விட்டு எண்ணியவர் தாங்களே. "இருபத்தோரு நாள் நோட்டீஸ் வேணும் தம்பி. இது பத்தொம்போதுதான் ஆவுது. செல்லாது." தன்னைக் காப்பாற்ற வந்த படகில் ஓட்டை இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொன்னவரை உலகம் எங்கேனும் கண்டதுண்டா!

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அக்கா. தங்கள் கடைசிப் பணிநாளில் தொழிற்சாலை வாசலில் நின்றவர் டில்லிபாபு. கார்டை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்த பிறகு, டிபன் பாக்ஸை மேசையில் விட்டுவந்தது தங்களுக்கு நினைவுக்கு வந்ததாம். செக்யூரிட்டி, "உள்ள போங்க மேடம்" என்றாராம். தாங்கள் போகவில்லை. விசிட்டர் ரிஜிஸ்டரை இழுத்து, தாங்களே கோடு போட்டுத் தந்த அந்தப் பக்கத்தில், தங்கள் பெயரை எழுதினீர்கள். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'டிபன் பாக்ஸ்' என்று எழுதினீர்கள். டில்லிபாபு இதைச் சிரிக்கச் சிரிக்கத்தான் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் மன்றத்தில் விசிட்டர் ரிஜிஸ்டர் கிடையாது, அக்கா. வைக்கவும் மாட்டோம்.

ஆகவே, விதியை மதிக்கும் வித்தகியே! விதியாலேயே தங்களை வெல்லத் துணிந்தோம். பொதுக்குழுவுக்கான புதிய அறிவிப்பு இன்று காலை அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. இன்றிலிருந்து இருபத்தோராம் நாள், வியாழக்கிழமை. மூவர் தனித்தனியே எண்ணிச் சரிபார்த்தோம். அதுவரை மூன்று ஞாயிறுகள் வருகின்றன. உறுப்பினர் அல்லாத தங்களை அந்த ஞாயிறுகளுக்கு அழைக்க மூன்றாம் விதி உதவாது. அதைவிட மூத்த தங்கள் விதி உதவும். மன்றத்தில் பேச உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. பேசினால் ஞாயிறு வந்தே ஆக வேண்டும்.

பதினேழு ஆண்டுகளில் தாங்கள் ஒருமுறைகூட இங்கே உரையாற்றியதில்லை. "நன்றி சொல்றது பேச்சு இல்ல" என்று தங்களுக்குத் தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு தப்பினீர்கள். இன்றைய நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். நன்றியுரை, இம்முறை தங்களுக்குப் பதிலாக நம் உறுப்பினர் ஷெர்லின். அதற்கு முன், ஏற்புரை, திருமதி ஞானம்மா. அடுத்த வியாழனும் அதற்கடுத்த வியாழனும் சிறப்புரை, திருமதி ஞானம்மா. தலைப்பு தங்கள் விருப்பம். மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கும் ஒலிபெருக்கி முன் வந்து வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் அது பேச்சு.

தங்கள் கால்களுக்கு வலியும், கண்களுக்குக் களைப்பும், நாவுக்கு இனிப்புத் தடையும் நெடுநாள் நெருங்காதிருக்கட்டும்! மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, நூறாண்டு நிறைந்து, நூற்றோராம் ஆண்டிலும் 'ஷிப்ட் இருக்கு' என்ற எங்கள் பொய்களை, நாங்கள் வந்திறங்கும் கம்பெனி பஸ்ஸின் நிறத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் பார்வையோடு தாங்கள் வாழ எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்.

வரும் ஞாயிறு பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரை. தங்களுக்கும் ஒரு பங்கு நிலம் கயிறு கட்டி வைத்திருக்கிறோம். கோபிநாத் ஐந்து ஐம்பதுக்கே அங்கு இருப்பான். இட்லிப் பாத்திரத்தின் மூடி இம்முறை அவன் கையில்.

ஒலிபெருக்கி இதோ, அக்கா. காலை ஆறு மணி. ஆறென்றால் ஆறு.

என்றும் தங்கள் நேரத்துக்குக் கட்டுப்பட்ட,
வியாழக்கிழமை நற்பணி மன்றத்தார்,
ஒரகடம்.