சேதுவின் கையில் இருந்த பிளாஸ்திரி

பூச்சி, உன்னைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன். போலீஸ் நிலையத்தில் முதலில் என் பெயர், வயது, விலாசம் கேட்கிறார்கள்.

என் பெயர் உஷாராணி, வயது நாற்பத்தொன்பது. புக்கிட் ரோத்தான் தோட்டத்துப் பழைய லயத்தில் கடைசி வீடு. செம்பனை நாற்றுக்குப் பையில் மண் நிரப்பும் வேலை. கணவர் செல்லையா இறந்துவிட்டார். பிள்ளைகள் இருவர். மூத்தவன் முகுந்தன், வீட்டில் பூச்சி என்போம். இளையவன் சேது. இருவருக்கும் ஒரே முகம், ஒரே உயரம். ஒரே கபடிக் குழுவில் ஆடினார்கள்.

ஈஜோக்கில் நடந்த ஆட்டத்தில் முகுந்தனை மடக்கிப் பிடித்தபோது ஒருவனுடைய முழங்கால் அவன் தலையில் பட்டது. எழுந்தவன் எதிரணியோடு போய் நின்றானாம், எல்லோரும் சிரித்தார்களாம். ஆட்டக்காரர்களை ஆராய்ச்சி செய்யும் பல்கலைக்கழகத்துப் பெண் அங்கேயே அவனிடம் ரத்தம் எடுத்தாள். மூளையில் அடிபட்டால் ஏதோ ஒன்று ரத்தத்தில் கசியும், அது குறையும்வரை ஆடக்கூடாது என்று அவள் சொன்னதாகச் சேது என்னிடம் சொன்னான். அன்று வீட்டில் சோறு தின்று கை கழுவிய முகுந்தன், "பசிக்குதும்மா, இன்னும் சோறு போடலையா?" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். தின்றான்.

அதற்குப் பிறகு இரண்டாவது ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. பத்தாங் காலி ஆட்டத்துக்கு மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்க வருகிறார்கள் என்று பேச்சு. இருவரும் ஒரே மோட்டாரில் போனார்கள். திரும்பி வந்தபோது பிளாஸ்திரி சேதுவின் கையில் இருந்தது. "ஏண்டா, ரத்தம் எடுத்தது உனக்கா அவனுக்கா?" என்று கேட்டேன். சேது குனிந்துகொண்டான். "இவனுக்கு ஊசின்னா பயம்லா. அழுவுறானா பாக்கலாம்னு இவனையும் குத்தச் சொன்னேன்" என்றான் முகுந்தன். நானும் சிரித்தேன். ரத்தம் நன்றாக இருக்கிறது, ஆடலாம் என்று சேதி வந்தது.

அதற்குப் பிறகு பத்தாங் காலியில் முகுந்தன் ஆடினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய அடி இல்லை. தோள் இடித்து உட்கார்ந்தான், வாந்தி எடுத்தான், சாய்ந்தான். மறுநாள் மருத்துவமனையில் இறந்தான்.

காரியம் முடிந்த பிறகு அந்தப் பெண் வீட்டுக்கு வந்து, "அந்த ரத்தத்துல ஒண்ணுமே இல்லையேம்மா" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். சேது வீட்டுக்குப் பின்னால் பூச்சி ஆடும்போது போடும் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். அது காலையில் கழுவிய சப்பாத்து. அவள் போன பிறகு, "அண்ணன் ஐசி கார்ட காட்டி, அவன் பேர சொல்லி நான்தாம்மா கைய நீட்டினேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறான்.

இதைச் சொன்னால் சேதுமேல் வழக்கு வரலாம் என்று போலீஸ்காரர் உமாபதி சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் பெண் தன் கைமேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறாள், அவள்மேல் தப்பில்லை. யாருடைய யோசனை என்று உமாபதி கேட்கிறார். எனக்குத் தெரியாது.

நான் கண்டதையும் என் காதில் விழுந்ததையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லியிருக்கிறேன். படித்துக் காட்டினார்கள், சரியாக இருந்தது, உஷாராணி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்னும் ஒரு வரி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

பூச்சி, நீ கேட்டியா, இல்ல அவனாவே ரத்தம் குடுத்தானா?