படித்துறைக்கு ஒரு ரொட்டி

ஹெட்டி: அந்தப் பக்கம் சாயாதடா ஆம்ப்ரோஸ், தண்ணி உள்ள வருது.

ஆம்ப்ரோஸ்: நான் எங்க சாயுறேன்... உன் கூடைதான் சாய்க்குது. இது என் கடையில மாவு பிசையற தொட்டி அக்கா, படகு இல்ல.

ஹெட்டி: படகையெல்லாம் நேத்தே அக்கரைக்குக் கொண்டு போய் சங்கிலி போட்டுப் பூட்டிட்டானே அந்தப் பிரபு வீட்டுக் காரியஸ்தன் பிரிங்கிள். வேற என்ன செய்ய?

ஆம்ப்ரோஸ்: அது சரி... கூடையில ஒரு ரொட்டிதானே?

ஹெட்டி: ஒண்ணே ஒண்ணு. வழக்கப்படி.

ஆம்ப்ரோஸ்: ரொட்டியா, திருகைக் கல்லா?

ஹெட்டி: நான் சுட்டது. உன் கடை ரொட்டி மாதிரி காத்தை அடைச்சு விக்கிற சாமான் இல்ல. பேசாம தள்ளு.

ஆம்ப்ரோஸ்: கரையில பாரு, பிரிங்கிள் கடிகாரமும் கையுமா நிக்கிறார். சிரிக்கிறார் வேற.

ஹெட்டி: சிரிக்கட்டும். மே முதல் நாள், சர்ச்சுல உச்சி மணி அடிக்கிறதுக்குள்ள ஊர் ரொட்டி அந்தப் படித்துறைக் கல்லு மேல இருக்கணும். ஒரு வருஷம் தவறினாலும் படித்துறை பிரபுவுக்குப் போயிடும். அப்புறம் நம்ம எல்ஸ்ஹித் ஊர்ல ஒருத்தன் வலை போட முடியாது, மாட்டுக்குத் தண்ணி காட்ட முடியாது.

ஆம்ப்ரோஸ்: அதுக்குள்ள நாம முழுகிடுவோம். கூடையைத் தூக்கி ஆத்துல போட்டா...

ஹெட்டி: ரொட்டி இல்லாம அங்க போய் மூஞ்சியக் காட்டவா? ...தரை தட்டுது. குதி.

ஆம்ப்ரோஸ்: மெதுவா... மெதுவா...

ஹெட்டி: வச்சாச்சு. பிரிங்கிள் ஐயா, நல்லாப் பாத்துக்குங்க.

பிரிங்கிள்: பன்னிரண்டு தாண்டியாச்சும்மா. இதோ கடிகாரம்.

ஆம்ப்ரோஸ்: கடிகாரம் யாருக்கு வேணும்? இந்த வழக்கத்தை வச்சப்போ பிரபுவோட முப்பாட்டனார் சொன்னது சர்ச் மணி. அடிச்சுதா?

பிரிங்கிள்: அதோ, மணி ஆடுதே... சத்தம்தான் வரல...

ஆம்ப்ரோஸ்: ஆடுறது கணக்கில்ல ஐயா. அடிக்கணும்.

ஹெட்டி: சங்கிலிச் சாவியைக் குடுங்க. திரும்பும்போது படகுல போறோம்.

பிரிங்கிள்: இந்தாம்மா.

ஆம்ப்ரோஸ்: அக்கா, அக்கரையில ஊரே தொப்பியைத் தூக்கி வீசுது.

ஹெட்டி: ஜெயிச்சுட்டோம்டா. நெஞ்சு நெறஞ்சு போச்சு.

ஆம்ப்ரோஸ்: கூடையைக் குடு, நான் தூக்குறேன்... ரொட்டியை வச்சப்புறமும் ஏன் இந்தக் கனம்?

ஹெட்டி: மெதுவாப் பேசு... சர்ச் மணிக்குள்ள தொங்கி அடிக்கிற நாக்கு. காலையில நான்தான் கழட்டினேன். வீட்டுல வச்சாத் தேடி எடுத்துடுவாங்கன்னு கையோட கொண்டு வந்தேன். பாதிரியார்கிட்ட மூச்சு விடாத.

ஆம்ப்ரோஸ்: இழுத்ததும் கையோட வந்துருச்சா?

ஹெட்டி: ஆமா... உனக்கெப்படித் தெரியும்?

ஆம்ப்ரோஸ்: நேத்து சாயங்காலம் ஆணியைத் தளர்த்திட்டு, நாக்கைத் தூக்க முடியாம இறங்கி வந்தவன் நான்தான்க்கா.